ஞாயிற்றுக்கிழமைக் கால்

கல்லூரியில் என் மேசைமேல் வெள்ளை பிளாஸ்டிக் கம்பிகளால் ஆன ஒரு வலை நிற்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிப் பாதத்தின் நடுப்பகுதி வரைக்கும் வரும் உயரம். பார்க்கிறவர்கள் விளக்குக்கு மாட்டுகிற கூண்டா என்று கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் மாணவர்களில் துடுக்கான யாராவது அதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பார்கள். "அதை அங்கேயே வை" என்று நான் சொல்கிற தொனியில், அந்த வருஷம் முடியும்வரை வேறு யாரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அது என் அக்காவின் இடது காலுக்காகச் செய்தது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

நான் மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். என் ஆராய்ச்சியும் இந்த மாதிரி வலைகளைப் பற்றியதுதான். கயிற்றுக் கட்டிலில் ஒரு மூலையில் ஆள் உட்கார்ந்தால் இன்னொரு மூலையில் கயிறு இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கயிறு இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க முடிந்தால், இங்கே அழுத்தினால் அங்கே எழும்ப வேண்டும் என்று கட்டிலுக்குச் சொல்லிவைக்கலாம். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் வலையில் இருநூறு கம்பிகள் இருந்தால் எதை இறுக்குவது, எதை விடுவது என்று மனுஷ மூளையால் கணக்குப் போட முடியாது. அதற்குத்தான் அல்காரிதம். ஒரு கம்பியைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கும். நாம் கொடுத்த இலக்கு பக்கத்தில் வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளும், விலகிப் போனால் பழையபடி விட்டுவிடும். பிறகு அடுத்த கம்பி. இப்படிப் பல ஆயிரம் தடவை சலிக்காமல் செய்யும். கடைசியில் அந்தக் கம்பிக் கூட்டம் நாம் கேட்டபடி வளைந்துகொடுக்கும். நாம் கொடுத்த அளவு உண்மையா என்று மட்டும் அதற்குக் கேட்கத் தெரியாது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அடி அண்ணாமலையில் பால்வாடி டீச்சர். கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. அங்கிருந்து அரை கிலோமீட்டர் நடந்தால் பால்வாடி. அவள் வீட்டுக்காரர், என் மாமா, டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "இருபத்திரெண்டு இருக்குது, மூக்கு தொடைக்கவே நேரம் பத்தல, இன்னும் வேணுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள். சத்தமாகச் சிரிப்பாள். சத்தமாகத் திட்டுவாள். நான் பிஎச்டி முடித்த அன்று எதிர்வீட்டுக்காரர்களிடம், "எங்க வீட்டு டாக்டர். ஆனா ஜொரத்துக்கு மாத்திரை கேக்காதீங்க, கம்பி வளைக்கிற டாக்டர்" என்று சொன்னவள்.

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. இடது காலில் போட்டிருக்கும் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கும், இவள் நாலு எட்டு தள்ளிப் போய்த்தான் பார்ப்பாள். "கழண்டதே தெரியலடி" என்று சிரித்தாள். பிறகு வாசற்படியில் இரண்டு தடவை தடுக்கியது. பிறகு நடக்கும்போது முன்பாதம் தரையில் தேய்ந்துகொண்டு வர ஆரம்பித்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஊசி குத்தி, கரண்ட் வைத்து, மூன்று நாள் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். காலில் தொடங்கியிருக்கிறது, ஏறும். நிறுத்த மருந்து கிடையாது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "என்கிட்டயே சொல்லுங்க சார்" என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நான் மலை சுத்தலாமா?"

"முடிஞ்ச வரைக்கும் நடங்கம்மா" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்து அவள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றியவள். சுற்றுகிற பாதையிலேயே வீடு இருந்தும், சுற்றாவிட்டால் அவளுக்கு அந்த மாதம் முடியாது. காலால் நாலு பௌர்ணமி விட்டுப்போயிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், போளூர் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி முழுசா சுத்தி வந்துட்டா போதும்டி. அப்பறம் வர்றது வரட்டும்."

"நான் சுத்த வைக்கிறேன்" என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் பஸ் டவுனுக்குள் நுழைவதற்குள் என் தலைக்குள் வலை உருவாக ஆரம்பித்துவிட்டது. பல வருஷமாக ஆய்வுக்கூடத்தில் கைப்பிடி அளவு வலைகளைச் செய்து, அழுத்தி, படம் பிடித்து, கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு உண்மையான வேலை வந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் துக்கத்துக்குள்ளேயும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு ரெடிமேட் பட்டை கொடுத்திருந்தார்கள். பாதத்துக்கு அடியில் தகடு மாதிரி வந்து, பின்னங்கால் வழியாக மேலே ஏறும். ஷூவுக்குள் போட வேண்டும். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவின் ஆட்டோ சாமான்களோடு போட்டுவிட்டாள்.

"செருப்பு மாதிரி இத மாட்டினு மலை சுத்தறதா? நல்லா இருக்குது. பாதத்துக்கு அடில ஒன்னும் இருக்கக் கூடாது. மண்ணு படணும்."

"மண்ணாக்கா? அது தார் ரோடு."

"தாரு படட்டும். உனக்கு இன்னா?"

இரண்டு வாரம் சண்டை போட்டோம். அடியில் ஒன்றுமில்லாமல் முன்பாதத்தை எப்படித் தூக்குவது? காற்றைப் பிடித்தா தூக்குவது? ஒரு நாள் அக்கா வாளித் தண்ணீரில் காலை முக்கி எடுத்து சிமெண்டுத் தரையில் ஊன்றினாள். ஈரச்சுவடு விழுந்தது. உள்வளைவு இருக்கும் இடத்தில் தரை காய்ந்தே இருந்தது. அவள் குனிந்து அந்தக் காய்ந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"இங்க எப்பவுமே தரை படறதில்ல. இந்த வழியா வேணா ஒரு பட்டை கொண்டு போய்க்கோ. அது செருப்பு கணக்கு ஆவாது."

ஆகம விதி எழுதியவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்க மாட்டார்கள். அந்தச் சுவட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். வலையின் எல்லை அதுதான் என்று அல்காரிதத்துக்குக் கொடுத்தேன். குதிகாலின் அடிப்பக்கம், பாதத்தின் வெளியோரம், விரல்கள் எல்லாம் வெறுமனே இருக்க வேண்டும். கெண்டைக்காலைச் சுற்றியும் கணுக்காலின் இரு பக்கமும் குதிகாலுக்குப் பின்னாலும் கம்பிகள் வரும், உள்வளைவில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை. குதிகால் பின்புறம் அழுத்தம் விழுந்தால் முன்பாதம் மேலே எழும்ப வேண்டும். இதுதான் நான் கேட்டது. த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்து எடுத்துவந்த முதல் இரண்டு வலைகளும் சொதப்பின. மூன்றாவதைக் கட்டிக்கொண்டு அக்கா கூடத்திலிருந்து தண்ணீர்க் குழாய்வரை நடந்தாள். கட்டைவிரல் தரையில் தேயவில்லை. திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

"தானா எழும்புதுடி!" என்று கத்தினாள். மாமா சோப்பு நுரை போட்ட முகத்தோடு வெளியே ஓடிவந்தார்.

பால்வாடிப் பிள்ளைகள் அதற்கு "டீச்சர் கூண்டு" என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றும் வந்து கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

ஆனால் நோய் நிற்காது. வாரத்துக்கு வாரம் காலின் பலம் மாறும். அதற்கு ஏற்றபடி வலையும் மாற வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சின்னத் திருகு வைத்திருந்தேன். திருகை இறுக்கினால் கம்பி விறைக்கும், தளர்த்தினால் இளகும். எவ்வளவு இறுக்குவது என்பதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. "இருக்கிற தசையை வேலை செய்ய விடுங்க, எல்லாத்தையும் மெஷினே செஞ்சா அதுவும் சோர்ந்துடும்" என்று ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருந்தார். எனவே அல்காரிதத்துக்கு நான் கொடுத்த கட்டளை இதுதான்: அக்காவின் கால் எவ்வளவு தூக்குகிறதோ அது போக மிச்சத்தை மட்டும் வலை தூக்கட்டும். கால் பலமாக இருந்தால் வலை விலகிக்கொள்ளும். கால் சோர்ந்தால் வலை பிடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, வலையைக் கழற்றி, பாதத்தில் சென்சார் ஒட்டி, "தூக்கு" என்பேன். பத்து தடவை தூக்குவாள். லேப்டாப்பில் ஒரு எண் வரும். புரோகிராம் ஓடி முடிந்ததும் திருகுகளின் பட்டியல் வரும். அதை அக்கா சத்தமாக வாசிப்பாள், நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து திருகுவேன். "நாப்பத்தி ஒன்னு, அரை சுத்து லூசு. நாப்பத்தி ரெண்டு, வேணாம். நாப்பத்தி மூணு, கால் சுத்து டைட்டு." பால்வாடியில் ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்கும் அதே ராகம். முடிந்ததும் சாப்பாடு. ஞாயிறென்றால் கறிக்குழம்பு.

மூன்றாவது ஞாயிறு எண் குறைந்து வந்தது. குறையும் என்று தெரிந்ததுதானே? அதற்காகத்தானே திருகுகளையே வைத்தேன்? ஆனாலும் எனக்கு உள்ளே என்னவோ அறுந்தது. திருகுகளை மாற்றினேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அக்கா வாசல்வரை வந்து, "கொழம்பு ஆறிடும்டி" என்றாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எண் ஏறியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். ஆறாவது வாரம் முதல் வாரத்தையே தாண்டிவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். "அக்கா, ஏறுதுக்கா! ஏறிட்டே இருக்குது!" என்று அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். கல்லூரியில் எல்லோரிடமும் சொன்னேன். வேலூர் டாக்டருக்கே போன் போட்டேன். "அப்படியா, நல்லதும்மா" என்றார். அந்தக் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. தனக்குத் தெரியாத ஒன்று நடந்தால் இவர்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வலையில் ஒரு தீப்பெட்டி அளவு பெட்டி உண்டு. அக்கா வலையைக் கட்டியிருக்கும் நேரமெல்லாம் அது அளவுகளைப் பதிந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்திலேயே, முதல் இரண்டு வாரப் பதிவுகளைத் திறந்து பார்த்திருந்தேன். ஒரே குழப்பம். பிள்ளைகள் இழுத்தது, குந்தி உட்கார்ந்தது, சமையல் செய்ய நின்றது, மேடு பள்ளம் எல்லாம் கலந்து கிடந்தது. ஞாயிறு அளவுதான் சுத்தமானது என்று முடிவுசெய்து, மற்ற ஆறு நாட்களையும் விட்டுவிடச் சொல்லி புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி. பக்கத்தில் "இரைச்சல்" என்று குறிப்பும் போட்டுவைத்தேன்.

எண் ஏற ஏற, திருகுகள் தளர்ந்தன. அக்கா வாசிக்கும் பட்டியலில் லூசுதான் ஜாஸ்தி, டைட்டு கம்மி. ஒரு ஞாயிறு மாமா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ லூசாக்கணுமா பாப்பா?" என்றார்.

"கணக்கு சொல்லுது மாமா."

"இல்ல, வாரத்துல பாத்தா அவளுக்கு..."

"நீங்க போய் ஆட்டோவ கழுவுங்க" என்றாள் அக்கா.

மாமா அவளைப் பார்த்தார். அவள் முறைத்தாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இருபத்தேழாவது திருகில் இருந்தேன். எனக்குக் கண் இருந்தது, காது இருந்தது. ஆனால் அந்த நேரம் நான் கேட்க விரும்பியதை எல்லாம் லேப்டாப் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆவணிப் பௌர்ணமி. விடியற்காலையில் அவள் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பினோம். கோயிலில் தொடங்கவில்லையே என்று கேட்டதற்கு, "எங்க தொடங்கினா இன்னா, அங்கயே வந்து முடிச்சா சரி" என்றாள். கூட்டம் இன்னும் சேரவில்லை. மலை முழுசாக இருட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வாயு லிங்கம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். குபேர லிங்கத்தில் கியூவைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் இங்கதான் வேலை" என்று கையை மட்டும் கூப்பிவிட்டு நடந்தாள். ஈசான்ய லிங்கம் தாண்டி டவுனுக்குள் வந்து, ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று நெடுநேரம் கும்பிட்டாள். டீ குடித்தோம். "பாத்தியா, பாதிக்கு மேல வந்துட்டோம்" என்றாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் முன்பாதம் எழுந்தது. அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

அக்னி லிங்கத்துக்கு அப்புறம் பேச்சு நின்றது. செங்கம் ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. அவள் இடுப்பை ஒரு பக்கமாக வெட்டி வெட்டி நடந்தாள். காலைத் தூக்கவில்லை, இடுப்பிலிருந்தே முழுக் காலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எமலிங்கத்துக்கிட்டே, "வலிக்குதாக்கா? உக்காரலாமா?" என்றேன். "வாய மூடிட்டு நட" என்றாள். உதட்டின்மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது.

நிருதி லிங்கம் தாண்டி, பாதை மலையை ஒட்டி உள்ளே திரும்பியது. இனிமேல் இருப்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்த ரோடு. ஒரு வேகத்தடை வந்தது. வலது காலை மேலே வைத்தாள். இடது கால் எழவில்லை. கட்டைவிரல் தார்மேட்டில் இடித்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். விழுந்த சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன்.

ஓடிவந்தவர்கள் தூக்கப் பார்த்தார்கள். இடுப்பைத் தொடவிடவில்லை. முகம் வெளுத்துப்போய்க் கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டாள்.

"கொஞ்சந்தான்கா."

"எவ்ளோ?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டாள். பௌர்ணமியன்று அந்த ரோட்டில் ஆட்டோ விடமாட்டார்கள். நான் போன் போட்டதும் மாமா போலீஸ்காரரிடம் அழுது, கெஞ்சி, உள்ளே கொண்டுவந்தார். வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் படுத்திருந்தவளுக்கு வாசல் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வலையை மடியில் வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பி உடைந்தது என்று தேடினேன். ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றும் உடையவில்லை. பெட்டியிலிருந்த பதிவுகளை லேப்டாப்பில் ஏற்றினேன். நான் எழுதிவைத்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டு எல்லா நாட்களையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு, உச்சி. திங்களில் இறங்கி, வெள்ளிவரை இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் கீழே. டாக்டர் சொன்னபடியேதான் நோய் ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு கோடுகூட இல்லை. அவள் சனிக்கிழமை ஒரு எட்டுகூட நடக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, மறுபடி உச்சி.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையைக் காட்டி, "சனிக்கிழமை இன்னா மாமா?" என்றேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சனிக்கிழமை ஆனா காலு கீழ வெக்க மாட்டா பாப்பா. நான்தான் தூக்கினு போய் பால்வாடில சேர்ல உக்கார வெச்சிட்டு வருவேன். சாயந்தரம் அதே மாதிரி தூக்கினு வருவேன். வெந்நீர் ஒத்தடம் குடுப்பேன். நாளைக்கு தங்கச்சி அளவெடுக்க வரும், அதுக்கு தெம்பு சேக்கறேன்னு சொல்லுவா. உன்கிட்ட சொல்லக் கூடாதுனு என் தலைமேல கைய வெச்சி சத்தியம் வாங்கிட்டா."

அங்கேயே உட்கார்ந்து, உண்மையான அளவுகளைக் கொடுத்து புரோகிராமை மறுபடி ஓட்டினேன். நான் தளர்த்திய திருகுகளையெல்லாம் இறுக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது. அப்படி இறுக்கியிருந்தால் கணக்குப்படி அந்தக் கால் வேகத்தடையைத் தாண்டியிருக்கும். வாசல்வரை வந்திருக்கும். என் கணக்கில் தப்பில்லை. வலையில் தப்பில்லை. நிருதி லிங்கத்துக்கு முன்னாலேயே அவள் காலில் ஒன்றுமே மிச்சமில்லை என்று பெட்டி காட்டியது. அத்தனை தூரமும் அவள் இடுப்பாலேயே நடந்திருக்கிறாள், பக்கத்தில் கர்வத்தோடு நான் நடந்துகொண்டிருந்தபோது.

அவள் கண் விழித்ததும் கேட்டேன். கேட்டேனா, கத்தினேனா. வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஏங்கா இப்டி செஞ்ச? பொய் அளவு குடுத்தா அது இன்னா பண்ணும்?"

அவளுக்குப் பேசத் தெம்பில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மூணாவது ஞாயித்துக்கிழம கம்மியா வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன். சோறு துன்னாம போய்ட்ட. அதுக்கப்பறம் நான் கம்மியா வர வுடல."

"உன் காலுக்காகத்தானே செஞ்சேன்? என் மூஞ்சிக்காகவா?"

"காலு என்னுது. உன் மூஞ்சியும் என்னுதுதான்டி" என்றாள்.

நான் எழுந்து வெளியே போய் வராந்தாச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். அவளை அறையலாம் போல இருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அளக்கப்போன நானே அளவைக் கெடுத்திருக்கிறேன். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது.

அவள் மறுபடி எழுந்து நடக்கவில்லை. எலும்பு சேர்ந்தது, ஆனால் அதற்குள் நோய் இரண்டு கால்களிலும் ஏறி, கைகளுக்கும் வந்துவிட்டது. மார்கழியில் பேச்சு குழற ஆரம்பித்தது. பால்வாடிப் பிள்ளைகள் சாயந்தரம் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. லேப்டாப்பை மட்டும் எடுத்துப்போவதில்லை.

ஒரு ஞாயிறு அவளே கேட்டாள். "அந்தக் கூண்ட எடுத்தாடி. கம்ப்யூட்டரையும்."

"எதுக்குக்கா?"

"எடுத்தா."

போய் எடுத்து வந்தேன். நானும் மாமாவும் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தோம். நான் சென்சாரை எடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இந்த வாட்டி நெசமா சொல்றேன், எழுதிக்கோ. ஒன்னும் இல்ல. பூஜ்யம் போட்டுக்கோ."

பூஜ்யம் என்று அடித்தேன். கட்டத்துக்குள் அந்த எண் சின்னதாக, வட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்த மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு அவள் எனக்குக் கொடுத்த ஒரே உண்மையான அளவு அதுதான். புரோகிராம் ஓடியது. பட்டியல் வந்தது. காகிதத்தைப் பிடிக்க அவள் கைகளால் முடியாது என்பதால் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிவைத்தேன். அவள் வாசித்தாள். நாக்கு குழறியதால் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரம் பிடித்தது. "ஒன்னு... ரெண்டு சுத்து டைட்டு. ரெண்டு... மூணு சுத்து டைட்டு." லூசு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ராகம் மட்டும் அதே ராகம். நான் தலையைக் குனிந்துகொண்டு திருகினேன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. நடுவில் நிறுத்தலாமா என்றதற்கு முறைத்தாள்.

வலையை அவள் காலில் கட்டினேன். கால் மெலிந்து, கட்டு தொளதொளவென்று இருந்தது. துணி சுற்றி இறுக்கினேன்.

"அடில ஒன்னும் படலல்ல?" என்று கேட்டாள்.

"படலக்கா. உள்வளைவுல மட்டுந்தான்."

குதிகாலின் பின்னால் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். தொங்கிக்கிடந்த முன்பாதம் மெதுவாக எழுந்தது. விரல்கள் நேராக நின்றன. ஐந்து மாதமாக அசையாத அந்தப் பாதத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை எடுத்தேன், இறங்கியது. மறுபடி அழுத்தினேன், எழுந்தது. அவளால் இனிமேல் நிற்கவே முடியாது என்பதும், எந்தத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் அதற்குக் கணக்கே கிடையாது என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"இப்ப சரியா இருக்குதுக்கா" என்றேன். "தைப் பௌர்ணமிக்கு அந்த ஒரு கிலோமீட்டர முடிச்சிடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தேன். கண்ணில் ஒரு சொட்டுகூட வராமல், பல் தெரிய, கன்னம் வலிக்கச் சிரித்தேன்.

அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். இந்த வித்தையை அத்தனை ஞாயிறும் செய்தவள் அவள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"நல்லா சிரிக்கிறடி" என்றாள். பிறகு, "சோறு துன்னுட்டு போ."

மாமா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வைத்த குழம்பில் உப்பு ஜாஸ்தி. அவள் கட்டிலில் சாய்ந்தபடி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சாப்பிட்டேன். பிறகு தட்டை நீட்டி, இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கி, அதையும் சாப்பிட்டேன்.